திண்ணையில் ஆடுபுலி: பிள்ளைகளை விளையாட வைக்க நினைக்கும் பெற்றோர் என்னிடம் கேட்பவை

ஆரம்பப் பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டுத் திண்ணை சும்மாதான் கிடந்தது. சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குத் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஆடுபுலி, பல்லாங்குழி, தாயம், சதுரங்கம் என்று என்ன கிடைக்கிறதோ அதை ஆடுவோம். கூட்டிப் போக வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்றபடி கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

சதுரங்கம் கற்றுக்கொண்டால் கணக்கு நன்றாக வருமாமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வரும் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை.

இங்கிலாந்தில் 100 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சோதனை செய்தார்கள். சில பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீதம் 30 மணி நேரம் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார்கள், மற்ற பள்ளிகளில் இல்லை. ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வு மதிப்பெண்ணை ஒப்பிட்டால் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2016இல் முடிவு வெளியானது. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அந்த வகுப்பு ரொம்பப் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். "சதுரங்கத்தால் மதிப்பெண் ஏறியது" என்று சொல்லும் பழைய ஆய்வுகள் பலவற்றில், சதுரங்கம் ஆடிய பிள்ளைகளை எதுவுமே கூடுதலாகச் செய்யாத பிள்ளைகளோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள். புதிதாக ஒரு வகுப்பு, புதிதாக ஒரு ஆசிரியர் என்றாலே பிள்ளைகள் கொஞ்ச நாள் உற்சாகமாக இருப்பார்கள். அந்த உற்சாகத்தையும் சதுரங்கத்தின் பலனையும் அங்கே பிரித்துப் பார்க்க முடியாது.

ஏன் இப்படி என்பதற்கு இன்னொரு பழைய ஆய்வு விடை சொல்கிறது. 1978இல் மிஷலின் சீ என்ற உளவியலாளர், சதுரங்கத்தில் தேர்ந்த, சராசரி பத்து வயதுப் பிள்ளைகளையும் ஆட்டம் அவ்வளவாகத் தெரியாத பெரியவர்களையும் எடுத்துக்கொண்டார். பலகையில் காய்கள் நிற்பதைக் கொஞ்ச நேரம் காட்டி, மறைத்துவிட்டு, திரும்ப அடுக்கச் சொன்னார். பிள்ளைகள் ஜெயித்தார்கள். அதே பிள்ளைகளிடம் வெறும் எண் வரிசையைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னபோது பெரியவர்கள்தான் முன்னால் போனார்கள். ஆக, பிள்ளைகளுக்கு வளர்ந்தது 'ஞாபகசக்தி' என்ற பொதுச் சரக்கு இல்லை. சதுரங்கத்தைப் பற்றிய ஞாபகம்தான். சமையலில் கை தேர்ந்தவர் என்பதற்காகத் தையலும் வந்துவிடுமா?

ஆர்மீனியாவில் 2011 முதல் ஆரம்ப வகுப்புகளில் சதுரங்கம் கட்டாயப் பாடம். அது அவர்கள் நாட்டுப் பெருமையோடு சேர்ந்தது. நம் வீட்டில் கணக்கு வரவில்லை என்றால் கணக்கைத்தான் போட்டுப் பழக வேண்டும்.

அப்படியென்றால் எதற்கு இந்த ஆட்டமெல்லாம்?

முதலில், ஆட்டம் ஆட்டத்துக்காக. அது போதாது என்று நினைக்கிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். தன் முறை வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு மனசு இருக்கிறது என்று உணர்வது, தோற்ற பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது. மூன்றும் பலகையைக் கொடுத்துவிட்டால் தானாக வருவதில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். அந்தப் பெரியவர் ஆட்டம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு, முடிந்த பிறகு இரண்டு நிமிஷம் பேச வேண்டும். நம்மில் பல பேர் தலைகீழாகச் செய்கிறோம். நடுவே "அங்க வைக்காதடா!" என்று கத்துவோம், முடிந்ததும் "போ, போய்ப் படி" என்போம்.

திண்ணையில் ஒரே ஒரு சட்டம்: ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்தான் முதலில் பேச வேண்டும். "எந்த இடத்துல திரும்ப ஆடணும்னு தோணுது?" இதுதான் கேள்வி. அவர் சொல்லும் இடத்துக்குக் காய்களைத் திரும்ப வைத்து, பக்கம் மாறி உட்கார்ந்து, அங்கிருந்து ஆடிப் பார்ப்பார்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பெரிய போட்டிகளில் ஆடும் சதுரங்க வீரர்களே, கை குலுக்கிய பிறகு இருவருமாகக் காய்களை நகர்த்தி "இங்கே இப்படிப் போயிருந்தால்?" என்று பேசிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அஞ்சு நிமிஷம் முன்னால் ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பார்த்தவர்கள்தான் அவர்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

நாலு வயதில் பல்லாங்குழியில் முத்துப் போடலாம். வெற்றி தோல்வி வேண்டாம், குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகிற கைவாகு வந்தால் போதும். ஆறு ஏழு வயதில் ஆடுபுலி. சதுரங்கம் அதற்குப் பிறகு, அதுவும் பிள்ளை கேட்டால்.

ஏன் சதுரங்கத்துக்கு முன்னால் ஆடுபுலி?

மூன்று காரணம் உண்டு. பலகை வேண்டாம், காசு வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மூன்றாவதுதான் முக்கியமானது.

சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விசிறி மாதிரி நான்கு கோடு கீழே இறங்கட்டும். அந்த நான்கையும் வெட்டிக்கொண்டு குறுக்கே மூன்று கோடு, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி. நீட்டிய முனைகளை இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோட்டாலும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் சேருங்கள். நான்கு கால்களின் அடியையும் ஒரு கோட்டால் சேருங்கள். இப்போது எண்ணினால் உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோட்டிலும் ஆறாறாக 18, அடியில் 4. மொத்தம் 23 புள்ளி.

புலி மூன்று, ஆடு பதினைந்து. ஒரு புலி உச்சியில், மற்ற இரண்டும் அதற்குக் கீழே உள்ள கோட்டில் நடுவில் என்று எங்கள் பக்கம் வைப்போம். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டை இறக்குவார். பதினைந்தும் இறங்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்த முடியாது. புலியோ முதலிலிருந்தே நகரும். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் ஆட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டும். மூன்று புலியும் அசைய முடியாமல் போனால் ஆடு ஜெயித்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 23 புள்ளி, 18 காய். எல்லா ஆடும் உயிரோடு இருந்தால் பலகையில் ஐந்து இடம்தான் காலி. ஒவ்வோர் ஆடு வெட்டுப்படும்போதும் புலிக்கு ஓர் இடம் கூடுகிறது. நான்கைந்து ஆடு போய்விட்டால் புலியை அசையவிடாமல் கட்டுவது படாத பாடு. இதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. ஆட்டுப் பக்கம் ஏழெட்டுத் தடவை தோற்ற பிறகு யாராவது ஒருத்தர் காலி இடத்தை எண்ண ஆரம்பிப்பார்.

புலிப் பக்கம் உட்காரும் பிள்ளைக்கு வேகமும் ஆசையும் இருந்தால் போதும், முதல் நாளே ஜெயிக்கும். ஆட்டுப் பக்கத்துக்குப் பொறுமை வேண்டும். எந்த ஆட்டுக்கும் முதுகு காலியாக இருக்கக் கூடாது, மூலைப் புள்ளியில் இருப்பதைத் தாண்ட முடியாது, ஓர் ஆட்டை விட்டுக்கொடுத்தால் புலி எந்த இடத்தில் வந்து இறங்கும் என்று யோசிக்க வேண்டும். போன மாசம் புலியாகவே ஆடிக்கொண்டிருந்த ஒரு நாலாம் வகுப்புப் பையனை முதன்முதலாக ஆட்டுப் பக்கம் உட்கார வைத்தேன். மூன்று ஆடு போனதும் தலை நிமிர்ந்து எதிரே இருந்தவளைப் பார்த்து, "நான் ஆடும்போது உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் நாலாவது ஆட்டை வெட்டினாள்.

சதுரங்கத்தில் இது கிடைக்காது. அங்கே இரண்டு சேனையும் ஒன்றுதான், நிறம்தான் வேறு.

தோற்றால் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறான். என்ன செய்வது?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பல்லாங்குழியில் தோற்றதும் பலகையை ஓர் உதை விட்டான். எழுபது புளியங்கொட்டையும் திண்ணையிலிருந்து உருண்டு வாசல், சாக்கடை, செருப்புக் குவியல் என்று போனது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் திட்டவில்லை. (வாய் வரை வந்தது.) "எழுபது இல்லாம ஆட முடியாது, தேடுங்க" என்றேன். பத்து நிமிஷம் எல்லாரும் குனிந்து பொறுக்கினார்கள், அவனும் சேர்ந்துதான். அறுபத்தாறு கிடைத்தது. "மீதி நாலு நீ கொண்டு வா" என்று அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை அவன் டவுசர் பை நிறையக் கொட்டை, கழுவிக் காயவைத்து. நாலைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அழுகை வேறு, ஆர்ப்பாட்டம் வேறு. அழட்டும். "ஆம்பளப் பிள்ளை அழலாமா", "விளையாட்டுக்குப் போய் அழுவாங்களா" இரண்டும் வேண்டாம். அவனுக்கு அது விளையாட்டு இல்லை, அந்த நேரத்தில் அதுதான் உலகம். அழுது முடித்த பிறகு தோற்றவர் பேச வேண்டிய அந்தக் கேள்வியைக் கேளுங்கள். தோல்விக்குக் காரணமாக ஓர் இடத்தை விரல் வைத்துக் காட்டத் தெரிந்துவிட்டால் பாதி அழுகை அடங்கிவிடும். அதுவரை "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்" கதைதான்: பலகை சரியில்லை, அவள் பார்த்துவிட்டாள், இவன் கத்தினான்.

இந்த விஷயத்தில் பல்லாங்குழிக்கு ஒரு தனி அருமை உண்டு. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து. ஒரு சுற்று முடிந்ததும் அவரவர் எடுத்ததைக் கொண்டு அவரவர் பக்கத்துக் குழிகளை நிரப்ப வேண்டும். குறைவாக எடுத்தவருக்கு ஏழு குழியும் நிரம்பாது, நிரம்பியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த சுற்று ஆடுவார். ஆக ஒரு தோல்வியோடு ஆட்டம் முடிவதில்லை, தோற்ற கையோடு மறுபடி உட்கார வேண்டும். இரண்டே குழியோடு ஆரம்பித்து ஏழு குழிக்கு மீண்டு வந்த பிள்ளைகள் உண்டு. 'போச்சு' என்று எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக் கூடாது என்பதை நான் சொல்லித் தருவதைவிட அந்தப் பலகை நன்றாகச் சொல்லித் தருகிறது.

பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று நாங்களே வேண்டுமென்று தோற்கலாமா?

வேண்டாம். ஏழு வயதுக்கு மேல் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்களை உண்மையிலேயே ஜெயித்தாலும் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பதில் ஆட்டத்துக்கு முன்னாலேயே சலுகை கொடுங்கள், வெளிப்படையாக. சதுரங்கத்தில் உங்கள் ராணியை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஆடுங்கள். ஜப்பான், கொரியா, சீனத்தில் ஆடும் 'கோ' ஆட்டத்தில் இதற்கென்றே முறை உண்டு. பலம் குறைந்தவர் முன்கூட்டியே இரண்டு முதல் ஒன்பது காய் வரை பலகையில் வைத்துக்கொள்ளலாம், அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. ஆடுபுலியில் பிள்ளைக்குப் புலிப் பக்கம் கொடுத்தாலே சலுகைதான். பிள்ளை மூன்று தடவை ஜெயித்தால் சலுகையைக் கொஞ்சம் குறையுங்கள். "இனிமே ராணி வேண்டாம், யானை மட்டும் எடுத்துட்டு ஆடுங்க" என்று பிள்ளை வாயிலிருந்தே வரும் நாள் உங்கள் வீட்டில் நல்ல நாள்.

போங்கு ஆட்டம் ஆடுகிறாள். திருத்துவது எப்படி?

முதலில், அது திருட்டுப் புத்தி இல்லை என்று நம்புங்கள். ஜான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் 1930 வாக்கில் தெருவில் கோலி ஆடும் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து, "இந்த விதியை யார் போட்டது? மாற்றலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சின்னப் பிள்ளைகள், விதி பெரியவர்கள் வைத்தது, மாற்றவே கூடாது என்றார்கள், ஆனால் ஆடும்போது இஷ்டத்துக்கு ஆடினார்கள். பத்துப் பதினொரு வயதுக்காரர்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள், ஆடும்போதோ விதியை விட்டு நகரவில்லை. இந்த வேடிக்கையை நான் முப்பது வருஷம் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். விதி நம்முடையது என்று தோன்றினால்தான் அதைக் காப்பாற்றத் தோன்றும்.

அதனால் விதியைப் பற்றிச் சண்டை வந்தால் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆட்டத்தை நிறுத்தி, பேசி முடிவு பண்ணச் சொல்கிறேன். சில சமயம் பேச்சே முக்கால் மணி நேரம் ஓடும், ஆட்டம் நடக்காது. பரவாயில்லை. ஒரு தடவை பல்லாங்குழியில் குழி நிரம்பாதவர் எதிராளியிடம் முத்துக் கடன் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. வாங்கலாம் என்று முடிவானது. அடுத்து, திருப்பித் தராவிட்டால்? வட்டி உண்டா? ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி வட்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். (அப்பா மளிகைக் கடை.) இரண்டு வாரம் வட்டியோடு ஆடிப் பார்த்தார்கள். ஒருத்தர் கையிலேயே எல்லா முத்தும் போய்ச் சேர்ந்தது, மற்றவர்களுக்கு அலுத்துப் போயிற்று. மூன்றாம் வாரம் வட்டியை அவர்களே எடுத்துவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

'தொட்டால் ஆட வேண்டும்' என்ற சதுரங்க விதியை மட்டும் எல்லா ஆட்டத்துக்கும் வைத்துவிடுங்கள். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்றால் கை முந்தாது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஆடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

யோசிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி? "யோசி யோசி" என்றால் விழிக்கிறார்கள்.

நாமும் அப்படித்தான் விழிப்போம். என்ன யோசிக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே யோசிக்க முடியும்? ஒரு ஆட்டம் சொல்கிறேன், இன்று ராத்திரியே ஆடிப் பாருங்கள்.

21 புளியங்கொட்டை. மாறி மாறி எடுக்க வேண்டும், ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ. கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். அவ்வளவுதான்.

ஒரு பெண் பிள்ளை என்னிடம் தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றாள்.

"எப்ப தெரிஞ்சுது தோத்துட்டோம்னு?"

"நீங்க கடைசியா எடுக்கும்போது."

"அதுக்கு முன்னாடியே தெரியலயா?"

கொட்டைகளைப் பார்த்தாள். நாலை எடுத்து முன்னால் வைத்தாள். "நாலு இருந்து என் முறைன்னா... ஒண்ணு எடுத்தா நீங்க மூணு. ரெண்டுன்னா ரெண்டு. மூணுன்னா ஒண்ணு. ஐயோ, என்ன எடுத்தாலும் போச்சு டீச்சர்!"

"அப்ப நாலை யார் முன்னாடி வைக்கணும்?"

"உங்க முன்னாடி."

"அதுக்கு நீ எத்தனையில நிக்கணும்?"

அதற்கு அன்று பதில் வரவில்லை. நானும் சொல்லவில்லை, விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே, "நான்தான் முதல்ல ஆடுவேன், ஒண்ணுதான் எடுப்பேன்" என்றாள். நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபது. எதிராளிக்கு எப்போதும் நாலின் மடங்கை விட்டு வைக்க வேண்டும். முடிவிலிருந்து பின்னோக்கி வந்திருக்கிறாள். நாலாம் வாய்பாடு அவளுக்கு இரண்டாம் வகுப்பிலிருந்தே தெரியும், ஆனால் அதை வைத்து ஒருவரைத் தோற்கடிக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரகசியத்தை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் தெருவையே ஜெயித்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் நான் செய்தது கேள்வி கேட்டதும், பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும்தான். இரண்டாவதுதான் கஷ்டம். "ஏன் அங்கே வைத்தாய்?" என்று கேட்டால் பிள்ளைக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரி கேட்கும். "அவன் அடுத்து என்ன பண்ணுவான்னு நினைக்கிற?" என்று கேட்டால் பலகையைப் பார்க்கும். கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்.

தாயம், பரமபதம் எல்லாம் வெறும் அதிர்ஷ்டம்தானே? அதில் என்ன யோசனை?

பரமபதம் முழுக்க அதிர்ஷ்டம்தான், பாம்பு கடித்தால் இறங்க வேண்டியதுதான். ஆனால் அதில்தான் அஞ்சு வயதுப் பேத்தி தாத்தாவை நேர்மையாக ஜெயிக்க முடியும். தாயம் அப்படி இல்லை. விழுவது கையில் இல்லை, விழுந்ததற்கு எந்தக் காயை நகர்த்துவது என்பது கையில் இருக்கிறது. எதிராளி காயை வெட்டுவதா, வெட்டுப்படாத கட்டமான மலையில் ஏறி உட்காருவதா, காயைக் கரை சேர்க்கப் பழத்துக்கு ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். நன்றாக ஆடியும் தோற்கலாம், மோசமாக ஆடியும் ஜெயிக்கலாம் என்று சதுரங்கம் காட்டாது, தாயம் காட்டும்.

ரொம்பக் கூச்ச சுபாவம். யாரோடும் சேர மாட்டாள்.

ஆடுபுலியில் ஆட்டுப் பக்கம் இரண்டு பேரை உட்கார வையுங்கள். புலிக்கு ஒருவர். ஆட்டுக்காரர்கள் இருவரும் காதோடு காதாகப் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் ஆட்டை இறக்கலாம். "உன் பேர் என்ன, எந்த ஸ்கூல்" என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, "அங்க வைக்காத, புலி வந்துரும்" என்று சொல்லியே ஆக வேண்டும். பேசுவதற்கு ஒரு காரியம் இருந்தால் பேச்சு வரும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியமும் இல்லை, இருவர் பார்வையும் பலகையில் இருக்கும். எப்போதும் பெரிய பிள்ளையே முடிவு எடுக்கிறதென்றால் ஓர் ஆட்டை இவள், அடுத்த ஆட்டை அவன் என்று இறக்கச் சொல்லுங்கள்.

செல்போனில் ஆடினால் போதாதா?

காய் நகர்த்தப் பழக போதும். ஆனால் போனில் போங்கு ஆட முடியாது, விதியைப் பற்றிச் சண்டை போட முடியாது, எதிராளி முகம் வாடுவதைப் பார்க்க முடியாது. தோற்கிற மாதிரி இருந்தால் மூடிவிட்டு வேறு ஆட்டம் திறக்கலாம். நான் மேலே சொன்ன எதற்கும் அங்கே இடமில்லை.

பயிற்சி வகுப்பில் சேர்க்கட்டுமா? போட்டிக்கு அனுப்பலாமா?

பிள்ளை தானாகக் கேட்கிறதா, நாம் கேட்கிறோமா என்று முதலில் பாருங்கள். விஸ்வநாதன் ஆனந்துக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தது அவர் அம்மா. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது தெருவுக்குத் தெரு அதன் சின்னமான குதிரை 'தம்பி' வேட்டி கட்டிக்கொண்டு நின்றது. வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் உலகத்திலேயே முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இதெல்லாம் நடந்த பிறகு ஆசை வருவது இயல்புதான். எனக்கே வந்தது.

ஆனால் ஒரு போட்டிக்கு நம் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்தப் போட்டி என்பது வேண்டாம். பிள்ளைகள் உள்ளே அமைதியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வராந்தாவில் அப்பாக்கள் கூண்டுப் புலி மாதிரி நடந்தார்கள். தோற்று வெளியே வந்த ஏழு வயதுப் பையனிடம் அவன் அப்பா கேட்ட முதல் வார்த்தை, "எத்தனை பாயிண்ட் போச்சு?" தண்ணீர் பாட்டில் அவர் கையில்தான் இருந்தது, கொடுக்கத் தோன்றவில்லை.

போட்டிக்கு அனுப்புங்கள். நீங்கள் தண்ணீர் பாட்டிலை மறக்காமல் இருந்தால் சரி.

எவ்வளவு நேரம்?

வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். பசி வேளையில் வேண்டாம்.

பலகை, காய்கள் எங்கே வாங்குவது?

ஆடுபுலிக்குச் சாக்பீஸ் போதும். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பல்லாங்குழிப் பலகை இல்லையென்றால் மண்ணில் பதினான்கு குழி தோண்டலாம், பன்னிரண்டு முட்டை அட்டையோடு இரண்டு கிண்ணம் சேர்த்தாலும் வேலை நடக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முத்துக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பில் கறுப்புப் பொட்டோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் பருப்பு கடும் விஷம், பிள்ளை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் புளியங்கொட்டையே எடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். கொட்டை வாய்க்கும் போகும், மூக்குக்கும் போகும்.

எங்கள் பாட்டி சொல்லும் விதி ஒன்று, யூட்யூபில் சொல்வது ஒன்று. எது சரி?

இரண்டும் சரி. குழிக்கு ஐந்து முத்து என்பார்கள் சிலர், ஆறு என்பார்கள் சிலர். நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பதிலும் ஊருக்கு ஒரு வழக்கம். நேபாளத்தில் இதே புலி, ஆடு ஆட்டத்தைப் பாக்சால் என்கிறார்கள், அங்கே நாலு புலி, இருபது ஆடு, கட்டம் வேறு. ஆட்டம் தொடங்கும் முன்னால் எந்த விதி என்று பேசிக்கொண்டால் போதும்.

பாட்டி பக்கத்தில் இருந்தால் பாட்டி விதிப்படியே ஆடுங்கள். விதியைச் சொல்ல வருகிற சாக்கில் அவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் உங்கள் பிள்ளையின் முத்தெல்லாம் அவர் மடியில் இருக்கும்.